நாற்பது குருவிக்கு வாங்கிய அனுமதி

1

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா மகன், பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி கேட்டான்.

"ஏளா, பூனாவுல குருவி பிடிச்சுக் கொல்லுத வேலையாமே உனக்கு? அதுக்கா சித்தப்பா உன்னய எம்.எஸ்ஸி. படிக்க வச்சாரு?"

இலைக்கு இலை சிரிப்பு. நான் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து பதில் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. அவன் இப்போது என்னோடு பேசுவதில்லை.

திரும்பும்போது ரயிலில் யோசித்தேன். அவன் வாய்விட்டுக் கேட்டான், அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சண்டை போட எனக்கு நேரமில்லை. அதனால் நடந்ததை ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யாரும் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கக் கூடாது.

2

பூனா என்ன வெளிநாடா, இங்கே இருக்கிற ஊர்தானே என்று சொல்கிறவர்கள் வந்து ஒரு ரேஷன் கார்டு வாங்கிப் பார்க்கட்டும்.

கல்யாணமாகி நான் பூனாவில் தாபோடிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சண்முகம் அங்கே ஒரு ராணுவப் பட்டறையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ரேஷன் அலுவலகத்தில் குமாஸ்தா என்னைப் பார்த்து "ஆட்நாவ்?" என்றார். குடும்பப் பெயர் என்று அர்த்தம். எங்களுக்கு அதெல்லாம் கிடையாது என்றேன். கிடையாமல் எப்படி இருக்கும் என்றார். என் பெயர், அப்பா பெயர், புருஷன் பெயர் மூன்றையும் சொன்னேன். இது மூன்றும் பெயர், ஆட்நாவ் எங்கே என்றார். பலமுறை நடையாய் நடந்த பிறகு அவரே பொறுமை இழந்து, எங்கள் ஊர்ப்பெயரைப் பாதியில் வெட்டி 'பாளையம்' என்று எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து நான் பாளையம் மேடம். பள்ளிக்கூடத்தில் என் மகள் உமா பாளையம். இவருக்குப் பட்டறையில் பாளையம் சாகேப் என்று பெயர். பாளையங்கோட்டையில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது.

உமா பிறந்த பிறகு ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. கானிட்கர் சார் என்பவர் அங்கே தலைவர். தசை நலிவுதான் அவருடைய ஆயுசு முழுக்க உள்ள வேலை. எலியின் ஒரு காலுக்கு மாவுக்கட்டுப் போடுவோம். அசையாத கால் கொஞ்ச நாளில் மெலிந்துவிடும். அந்தத் தசையை எடுத்து உறையவைத்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிப் பார்த்தால் நார்கள் சுருங்கியிருப்பது தெரியும். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனுஷனுக்கும் இதுதான் நடக்கிறது. எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தானே மருந்து கண்டுபிடிக்க முடியும்?

எலிகளைக் கொல்வதும் நான்தான். அதில் எனக்குக் கை நடுங்கியதில்லை. யாராவது ஒருவர் செய்ய வேண்டிய வேலை. வலிக்காமல், தடுமாறாமல் செய்ய வேண்டும். எனக்கு அது வந்தது.

இப்போது நாங்கள் பூனாவிலேயே கோந்த்வாவில் இருக்கிறோம். சொந்த ஃப்ளாட். இவர் ரிட்டயர் ஆகிவிட்டார். உமா விமான் நகரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மத்தியானம் போனில் குறுஞ்செய்தி அனுப்புவாள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவாள். படிப்பதற்குள் எனக்குக் கண்ணீர் வந்துவிடும். பாசத்தால் இல்லை, கண் வலியால்.

3

தொண்ணூறுகளின் பின்பாதியில் அனகா வந்து சேர்ந்தாள். டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்த மராத்திப் பெண். என்னைத் 'தாயீ' என்று கூப்பிட்டாள். உனக்குத் தாயாகிற வயசா எனக்கு என்று முதல் வாரமே எரிந்து விழுந்தேன். மராத்தியில் அக்கா என்று அர்த்தமாம்.

அவள் பறவைக்காரி. சார் தசைக்காரர். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையை உண்டாக்கினார்கள். பூனாவுக்கு மேற்கே, முல்ஷி அணையையும் தாண்டி, மலைமேல் காடு துண்டு துண்டாகக் கிடக்கிறது. சிறிய துண்டில் மழை முடிந்ததும் பூச்சி குறைந்துவிடும். தீனி போதாத குருவி தன் நெஞ்சுத் தசையையே கரைத்து உயிர் பிழைக்கும். பறக்க வைக்கிற தசை அதுதான். அது கரைந்தால் வல்லூறு வரும்போது தப்ப முடியாது. ஆகவே காடு துண்டானால் குருவி மிஞ்சாது. இதை நிரூபிக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நாங்கள் எடுத்துக்கொண்டது சிலம்பன் என்கிற குருவி. வீட்டுக் குருவி அளவுதான். பழுப்பு நிறம், அழகு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கூட்டமாகப் புதருக்குள் கத்திக்கொண்டே திரியும். மெல்லிய வலையில் பிடித்து, பையில் போட்டு, தொங்கு தராசில் எடை பார்த்து, காலில் எண் போட்ட வளையத்தை மாட்டி விட்டுவிட வேண்டும். விடுவதற்கு முன்னால் நெஞ்சு ரோமத்தை வாயால் ஊதி விலக்கி, கட்டைவிரலால் தடவிப் பார்க்க வேண்டும். நடு எலும்பின் இரண்டு பக்கமும் தசை மேடாக இருந்தால் நல்ல நிலை. பள்ளமாகி எலும்பு கத்தி மாதிரி கைக்குத் தட்டுப்பட்டால் நலிவு.

குருவி போடும் பைதான் வம்பானது. கொள்முதல் பிரிவில் துணிப்பை கேட்டால் மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கி வா என்றார்கள். சுருக்குப் பைக்கு எந்தக் கடைக்காரன் விலைப்புள்ளி எழுதித் தருவான்? நான் போய்க் கத்தினேன். அப்புறம் நானே வீட்டில் உட்கார்ந்து இவருடைய பழைய வேட்டிகளைக் கிழித்துத் தைத்தேன். ஒற்றைத் துணி என்றால் நகத்தில் கிழியும் என்று இரட்டையாக மடித்துத் தைத்தேன். ஒவ்வொன்றின் எடையும் கொஞ்சம் மாறும். குருவியும் பையும் சேர்ந்த எடையிலிருந்து பையைக் கழிக்க வேண்டும். காட்டில் போய் ஒவ்வொரு பையாக நிறுத்துக்கொண்டிருந்தால் அவ்வளவு நேரமும் குருவி தவிக்கும். அதனால் மே மாதம் மொட்டைமாடியில் காயப்போட்டு எடுத்த பைகளை லேபில் நிறுத்து, சலவைத் துணிக்குக் குறி போடுகிற அழியாத மையில் மூலையில் எடையை எழுதிவிட்டோம். புதுப் பாத்திரம் வாங்கினால் வீட்டுக்கு வருமுன்னே பேர் வெட்டிவிடுகிற ஆட்கள்தானே நாம். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். சார் நின்று பார்த்துப் பாராட்டினார்.

மழை முடிகிற செப்டம்பரில் பிடித்து நிறுத்தோம். ஜனவரியில் மறுபடி பிடித்து நிறுத்தோம். எடை இறங்கியிருந்தது. ஒன்று இரண்டு இல்லை, எல்லாத் துண்டிலும், பிடித்த எல்லாவற்றிலும்.

அனகா நெஞ்சைத் தடவிவிட்டு "இறங்கியிருக்கு தாயீ" என்பாள். நான் தடவுவேன். எனக்கும் இறங்கிய மாதிரிதான் இருக்கும். சார் ரொம்பச் சந்தோஷப்பட்டார். இத்தனை வருடம் மாவுக்கட்டுப் போட்டு எலியில் உண்டாக்கியதைக் காடு தானாகவே செய்கிறது என்றார். இந்தக் குருவிகள் கோடையைத் தாண்டாது என்று அனகா எழுதினாள்.

4

எடை மட்டும் போதாது, தசையையே வெட்டிப் பார்க்க வேண்டும் என்று சார் முடிவு செய்தார். அதற்குக் குருவியைக் கொல்ல வேண்டும். நாற்பது குருவிக்கு வனத்துறையிடம் அனுமதி கேட்டார்.

அனுமதி வாங்க ஒரு வருடம் ஆனது. பூனாவில் கொடுத்த மனு நாக்பூர் போனது. நாக்பூரிலிருந்து ஒரு கேள்வி வந்தது. பதில் போனது. பதிலில் முத்திரை இல்லை என்று திரும்பி வந்தது. கடைசியில் அனுமதி வந்தபோது அதற்குள் இன்னொரு மழை முடிந்திருந்தது. அந்தச் செப்டம்பரில் குருவிகளின் எடை மறுபடி ஏறியிருந்தது. சரிதான், ஜனவரியில் இறங்கும், அப்போது எடுத்துவிடலாம் என்று தேதி குறித்தோம். அனுமதி ஜனவரி கடைசியோடு முடிகிறது.

கொல்வது யார்? என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? சின்னக் குருவிக்கு மருந்து கிடையாது. நெஞ்சுக்கூட்டைக் கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். மூச்சும் இதயமும் நின்றுவிடும். கையில் பழக்கம் வேண்டும். அனகாவால் முடியாது என்று அவளே சொன்னாள்.

இதை நான் இவரிடம் சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்ததை உமா கேட்டுவிட்டாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, "ஆயி, தூ காடீக் ஆஹேஸ் கா?" என்றாள். அம்மா, நீ கசாப்புக்காரியா என்று கேட்கிறாள்.

அவளுக்குத் தமிழில் கோபப்படத் தெரியாது. தமிழில் அவளுக்குச் சாப்பாடு, குளியல், தூக்கம் மட்டும்தான் உண்டு. சண்டை, நட்பு, ரகசியம் எல்லாம் மராத்தி. திட்டுவதையாவது தமிழில் திட்டு என்று நான் கத்தினேன். அதன் பிறகு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு வாசல்படிக்குப் போய்விடுவாள். நான் பிசைந்து கொடுத்தால் தொடமாட்டாள்.

"பச்சப்புள்ள. ரெண்டு நாளுல சரியாயிரும்" என்றார் இவர். ஆகவில்லை. கூட்டிவைத்து விளக்கலாம் என்று பார்த்தேன். தசை, நார், நலிவு, ஆராய்ச்சி, எதற்கும் அவளிடம் தமிழ் இல்லை. என்னிடம் அவற்றுக்கு மராத்தி இல்லை. நடுவில் ஹிந்தி இருந்தது. அந்த ஹிந்தியில் நான் கறிகாய்தான் வாங்குவேன்.

5

கிளம்புகிற நாள் காலையில் இவர் தாபோடி பஸ் நிறுத்தம் வரைக்கும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் அங்கிருந்து ஜீப்பில் மலைக்குப் போக வேண்டும். துவைத்து மடித்த பைகள் எல்லாம் அந்த மூட்டையில்தான். குளிர். இவர் மப்ளரைக் காதோடு சுற்றிக் கட்டியிருந்தார்.

"ஏட்டி, மூட்டை என்ன இவ்வளவு லேசா இருக்கு? பாதிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?"

"எண்ணித்தான் கட்டுனேன். பேசாமத் தூக்குங்க."

"எண்ணுனியோ என்னமோ. மழையில நீ திரும்பி வந்தப்ப இதே மூட்டைய இதே எடத்துலருந்து தூக்கிட்டுப் போய் எனக்குத் தோளு இறங்கிப் போச்சு. மறுநா நீதான எண்ணெய் தேச்சு விட்ட? இப்பப் பாரு, ஒத்த விரல்ல தூக்குதேன்."

நிஜமாகவே ஒரு விரலில் மாட்டித் தூக்கிக் காட்டினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள்.

"மானத்த வாங்காதீங்க. அப்ப ஈரம், இப்பக் காஞ்சிருக்கு. துணி ஈரமானா கனக்கும்னு இதுகூடத் தெரியாமயா இவ்வளவு காலம்..."

வாய் திறந்தபடி நின்றேன்.

"என்னட்டி? பல்லு கில்லு வலிக்கா?"

செப்டம்பரில் மலைமேல் எதுவும் காயாது. வலை கட்டுவது மழை விட்ட நேரத்தில்தான், ஆனால் காற்றே நனைந்திருக்கும். நாங்கள் தங்குகிற குடிசைக்குள் கயிற்றில் தொங்கும் பைகள் சொட்டாது. கைக்குச் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். அதில்தான் குருவியைப் போட்டு நிறுத்தோம். கழித்தது மே மாதத்து மொட்டைமாடி எடையை. இரட்டை வேட்டித் துணி. அது குடித்த தண்ணீரையெல்லாம் குருவியின் தலையில் எழுதிவிட்டு, ஜனவரியில் அந்தத் தண்ணீர் இல்லாததைத் தசை நலிவு என்று சொல்லியிருக்கிறோம்.

பஸ் வந்தது. இவர் கையிலிருந்து மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஏறினேன். "சொல்லிட்டுப் போ, என்னன்னு" என்று இவர் பின்னால் ஓடிவந்து கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

6

லேபில் வெந்நீர்த் தொட்டியின் ஆவியில் சில பைகளைப் பிடித்தேன். சொட்டச் சொட்ட இல்லை. செப்டம்பரில் கைக்கு எப்படி இருக்குமோ அந்தச் சில்லிப்பு வருகிற வரைக்கும். பிறகு நிறுத்தேன். மூலையில் எழுதியிருந்த எடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், குருவிகள் இழந்ததாக நாங்கள் எழுதியதற்கு ஏறக்குறைய சரியாக இருந்தது.

அனகா ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தசையைப் போட்டுக் கொண்டுவர வேண்டிய பெட்டி. நான் பையைத் தராசில் மாட்டிக் காட்டினேன். எழுதியிருந்த எடையைப் படித்தாள். முள்ளைப் பார்த்தாள். பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருட வேலை.

கானிட்கர் சார் வந்து பார்த்தார். அவர் பொய்க்காரர் இல்லை. இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. அவர் மராத்தியிலும் இங்கிலீஷிலும் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"ஈரம் ஒரு காரணம், சரி. முழுக் காரணமும் அதுதான்னு எப்படிச் சொல்றீங்க? ரெண்டு பேரும் நெஞ்சைத் தடவிப் பார்த்திருக்கீங்களே?"

"எடையைப் பார்த்துட்டுத்தான் சார் தடவினோம். இறங்கியிருக்குன்னு தெரிஞ்சிட்டுத் தடவினா விரலும் இறங்கியிருக்குன்னுதான் சொல்லும்."

"அப்போ தசையை வெட்டிப் பார்த்தா சந்தேகம் தீர்ந்துடும். அனுமதி இந்த மாசத்தோட முடியுது. இன்னொரு தடவை கிடைக்காது. போய் எடுத்துட்டு வாங்க. நலிவு இல்லைன்னா இல்லைன்னு எழுதுவோம்."

"நாற்பதையும் கொன்னுட்டா?"

"பாளையம் மேடம், எலியையும்தான் கொன்னீங்க."

எனக்கு வந்ததே கோபம். கோபம் வந்தால் என் ஹிந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் குழம்பிவிடும். எலியை ஏன் கொல்கிறேன் என்று தெரிந்து கொன்றேன், இதை ஏன் கொல்கிறேன் என்று எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது, வாங்கிய அனுமதி வீணாகப் போகிறது என்பதற்காக நான் அமுக்க மாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று கத்தினேன். அந்தக் கத்தலில் சாரைப் பெண்ணாகவும் என்னை ஆணாகவும் ஆக்கிவிட்டேன் போலிருக்கிறது. அழுதுகொண்டிருந்த அனகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாருக்கும் உதடு துடித்தது.

பிறகு சொன்னார். "சரி. போங்க. பிடிங்க. எடை போடாம, கண்ணை மூடிட்டு அனகா தடவிப் பார்க்கட்டும். நிறைஞ்சிருந்தா விட்டுடுங்க. ஒட்டிப்போயிருந்தா எடுங்க. ஒட்டிப்போயிருந்தா நீங்க அமுக்குவீங்களா மாட்டீங்களா? இப்பவே சொல்லுங்க."

"அமுக்குவேன்" என்றேன்.

அன்றைக்கே ஜீப்பில் மலை ஏறினோம்.

7

மறுநாள் விடிந்து வெயில் மரத்துக்குள் இறங்கியபோது முதல் சிலம்பன் வலையில் விழுந்தது. எடுத்துக் கையில் பிடித்தேன். கழுத்து இரண்டு விரலுக்கு நடுவில், முதுகு உள்ளங்கையில். இதயம் அடிக்கிறது என்று சொல்ல முடியாது, மிஷின் மாதிரி ஓடுகிறது. என் விரலும் நெஞ்சின் மேல்தான் இருந்தது. ஆனால் அந்த விரலை நான் நம்பவில்லை. இரண்டு வருடம் ஒரே பொய்யைச் சொல்லிப் பழகிய விரல்.

அனகா ஊதினாள். ரோமம் விலகியது. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை வைத்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒட்டியிருக்கிறது என்று அவள் சொன்னால் அவளுடைய படிப்பு பிழைக்கும். நிறைந்திருக்கிறது என்றால் இரண்டு வருடம் குப்பைக்குப் போகும். இது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் விரல் அந்த நெஞ்சிலேயே நின்றது. எடுக்கவில்லை.

"சொல்லித் தொலை" என்றேன், தமிழில்.

"நிறைஞ்சிருக்கு தாயீ."

"நல்லாப் பாரு."

"ரெண்டு பக்கமும் பார்த்துட்டேன். என் தீசிஸ்ஸே போகுது, இதுல பொய் சொல்வேனா?"

நான் கையைத் திறந்தேன். அது போகிற போக்கில் என் கட்டைவிரலைக் கொத்தித் தோலைக் கிழித்துவிட்டுப் போனது. நெல்லைத் தமிழில் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை முழுவதையும் அதன் பின்னால் அனுப்பினேன். அனகாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதுதான் கவனித்தேன், நேற்றிலிருந்து என் தோள் இரண்டும் காது வரைக்கும் தூக்கியே இருந்திருக்கிறது.

அடுத்தது நிறைந்திருந்தது. அதற்கடுத்ததும். சிலவற்றின் காலில் எங்கள் பழைய வளையம் இருந்தது, முதல் வருடத்தில் மாட்டியது. கோடையைத் தாண்டாது என்று அனகா எழுதியவை கோடையைத் தாண்டி வந்து எங்களைக் கொத்தின.

ஒன்று மட்டும் அப்படி இல்லை. அனகா தடவிவிட்டுக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். எலும்பு கத்தி மாதிரி இருந்தது, என் விரலுக்கே தெரிந்தது. சாரிடம் சொன்ன சொல் இருக்கிறது. நான் கட்டைவிரலை வைக்க வேண்டிய இடத்தில் வைத்தேன்.

"இருங்க தாயீ" என்று அனகா என் மணிக்கட்டைப் பிடித்தாள். குருவியின் காலைத் திருப்பிக் காட்டினாள். விரல்களில் மொத்தை மொத்தையாகப் புண். ஒரு நகம் இல்லை. "இது நோயாளி. நோய் வந்து இளைச்சிருக்கு. இதுக்கும் காட்டுக்கும் சம்பந்தம் இல்லை. இதை வெட்டினா நமக்கு ஒண்ணும் தெரியப் போறதில்லை."

"சார் கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன். இது என் தீசிஸ்."

விட்டேன். தாழ்ந்த கிளையில் போய் உட்கார்ந்து வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு புதருக்குள் போனது. பிழைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என் கையில் சாகவில்லை.

மூன்று நாள் பிடித்தோம். ஒவ்வொரு குருவியையும் விட்ட கையோடு வெறும் பையை மறுபடி நிறுத்தோம். இப்போதும் அந்த நிலையத்தில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். செய்யட்டும்.

8

இறங்கி வரும்போது வனத்துறைச் சோதனைச் சாவடியில் ஜீப்பை நிறுத்தினார்கள். வனவர் அனுமதிக் கடிதத்தை வாங்கிப் படித்தார்.

"நாற்பது பட்சி. எங்கே?"

"இல்லை" என்றேன்.

"இல்லைன்னா?"

"ஒண்ணையும் கொல்லலை."

அவர் ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே வழியில் வாங்கிய கொய்யாப்பழம் இருந்தது. பழத்தை விலக்கி அடியில் பார்த்தார். சீட்டுக்கு அடியில் பார்த்தார். பைகளை ஒவ்வொன்றாக உதறச் சொன்னார்.

"வித்துட்டீங்களா?"

"யாரு வாங்குவா? கிராம் கணக்குல கறி. உங்க ஊர்ல எவனாவது தின்னுவானா இதை?"

அனகா என் முழங்கையைக் கிள்ளினாள். அவளே பணிவாக விளக்கினாள். குருவிகள் நன்றாக இருக்கின்றன, கொல்ல அவசியம் இல்லாமல் போய்விட்டது, அதனால் விட்டுவிட்டோம். வனவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். கொன்ற எண்ணிக்கை என்று ஒரு கட்டம். அதில் பூஜ்யம் போட்டால் மேலே இருப்பவர் கேள்வி கேட்பார். பூஜ்யத்துக்கு எதற்கு ஒரு வருடம் அனுமதி கேட்டார்கள் என்பார்.

"மாசம் முடிய இன்னும் நாள் இருக்கே, மேடம். திரும்பிப் போய் முடிச்சுட்டு வந்துடுங்களேன். எனக்கும் எழுத வசதியா இருக்கும்."

காட்டைக் காக்கிற மனுஷர் சொல்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அனகா என்னை ஜீப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கடைசியில் அவளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வனவர் இரண்டு கொய்யாப்பழத்தை வைத்துக்கொண்டு, சாலைக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை இறக்கினார்.

"இனிமே என்ன செய்வ?" என்று அவளைக் கேட்டேன்.

"குருவிங்க ஏன் சாகுதுன்னு எழுத வந்தேன். ஏன் சாகலைன்னு எழுதறேன். இன்னும் ரெண்டு வருஷம் என்னைச் சகிச்சுக்கங்க."

எழுதினாள். பட்டமும் வாங்கினாள். கானிட்கர் சார் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, அந்த நோயாளிக் குருவியைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் கேட்டார், பதிலை ஒத்துக்கொண்டார். வேட்டிப் பையைப் பற்றி அப்புறம் அவர் பேசியதே இல்லை. மனுஷருக்கு எலி இருக்கவே இருந்தது.

9

தாபோடியில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது உமா வாசல்படியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தும் எழவில்லை. மராத்தியில் எத்தனை என்று மட்டும் கேட்டாள்.

"ஒண்ணுகூட இல்ல" என்றேன்.

நம்பவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அவ பொய் சொல்ல மாட்டாடா. சண்டதான் போடுவா" என்றார் இவர். அதுவும் அவளுக்குப் போதவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு என் வலது கையைப் பிடித்து இழுத்து மூக்குக்கிட்டே கொண்டுபோனாள். எலியை வெட்டிய நாட்களில் எத்தனை சோப்புப் போட்டாலும் என் கையில் மருந்து வாடை போகாது. அவளுக்கு அந்த வாடை தெரியும். உள்ளங்கையை மோந்தாள், விரல் இடுக்கை மோந்தாள், கிழிந்த கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். ஊசிமுனை மாதிரி கொத்திய தடம் கை முழுக்க இருந்தது.

"சீ" என்றாள். "குருவிப் பீ நாறுது. போயிக் கை கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்தேன். தட்டோடு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்து காட்டினாள்.